நடுப்பகல் வாட்டம்

ஞாயிறு, காலை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே கைக்கு வந்துவிட்டது. நான் தாமதித்தது வேலை இருந்ததால் அல்ல. கோபத்தில் எழுதிய பதிலை ஒரு ஞாயிறு வரை மேஜையில் கிடக்க விடு, அதன்பின் அனுப்பலாமா என்று பார் என்று எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். புதன்கிழமை எழுதியதை இன்று படித்தேன், கிழித்தேன். இது இரண்டாவது. இதிலும் இனிப்பு அதிகம் இருக்காது.

முதலில் உன் எழுத்து. நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தில்கூட மார்ஜின் இல்லை. வரிகள் எல்லாம் வலது மூலைக்குச் சரிந்து வழிகின்றன. மூன்றாம் பக்கத்தில் மை கலைந்திருக்கிறது. அதைக் கண்ணீர் என்று நான் எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. தண்ணீர் டம்ளரை வைத்தாலும் மை அப்படித்தான் கலையும்.

மொட்டை மாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். செடிகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீ என்னைக் கேட்கவில்லை, விட்டுவிட்டுப் போனாய். இருந்தாலும் ஒரு நாளும் தண்ணீர் தவறவில்லை. ஆனால் நீ வைத்திருந்த லட்சணத்தில் அவற்றை வைத்திருக்க என்னால் முடியாது. ஒவ்வொரு டிரம்மையும் சுற்றிப் பழைய சாக்கு, சாக்கைச் சுற்றிக் கயிறு, எல்லாம் மாடி நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒரே கும்பல். பார்த்தால் தர்மாஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தது. சாக்குகளை அவிழ்த்துப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தாயிற்று. அவர்கூட வாங்க யோசித்தார். டிரம்களைத் துடைத்து, மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, உயரப்படி நிறுத்தியிருக்கிறேன். பின்வரிசையில் கொய்யா, அத்தி, மாதுளை, எலுமிச்சை. முன்வரிசையில் கத்தரியும் தக்காளியும் கீரைத் தொட்டிகளும். பள்ளிக்கூட அசெம்பிளி போல ஒழுங்காக நிற்கின்றன. நீல டிரம்கள் வெயிலில் பளபளவென்று இருக்கின்றன.

வேலைக்கு வருபவளும் நானுமாக இழுத்து நகர்த்தினோம். அவள் முனகிக்கொண்டே இருந்தாள். "அக்கா ஏதோ காரணமாத்தாம்மா இப்படிக் கட்டி வச்சிருப்பாங்க" என்றாள். "உங்க அக்காவுக்கு எல்லாத்துக்கும் காரணம் இருக்கும், அறிவுதான் இருக்காது" என்று சொன்னேன். அதற்குப் பிறகு முனகல் இல்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சொல்ல வந்ததை முதல் வரியில் சொல்லிப் பழகியவள் இல்லை நீ. கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, வாசல் கதவுக்குப் பின்னால் செருப்பை ஒளித்து வைப்பதுபோல் வைத்திருக்கிறாய். குழந்தை பிறக்கும்வரை இங்கே வந்து இருக்கட்டுமா என்று.

உன் கணவருக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுகிறார், ஒரு நாள் கை நீட்டிவிட்டார், பிறகு ரொம்ப நேரம் அழுகை என்று எழுதியிருக்கிறாய். அழுதது யார் என்பது வாக்கியத்தில் தெளிவாக இல்லை. போகட்டும். அவர் யார், எப்படி நம் வீட்டுக்குள் வந்தார் என்பதாவது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பழைய டிரம் விற்க வந்தவர். அதில் முன்னே என்ன இருந்தது என்று நான் கேட்டதற்கு, சோப்பு எண்ணெய் என்று ஒரு தடவையும் பழச்சாறு என்று ஒரு தடவையும் சொன்னவர். ஆள் உயர டிரம்மைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் மூச்சு வாங்காமல் ஏறினார். நீ சொம்பில் தண்ணீர் கொண்டு ஓடினாய். "என்ன பலம் பாருங்கம்மா" என்று என்னிடம் வந்து சொன்னாய். அந்தப் பலம்தான் இது. உனக்கு வேண்டியபோது தோளுக்கும், வேண்டாதபோது பரணுக்கும் போக, பலம் என்ன படுக்கைச் சுருளா?

அன்றைக்கு அவர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "டிரம் என் பொறுப்பும்மா, மரம் உங்க பொண்ணு பொறுப்பு." நீ சிரித்தாய். பெண் யார் பொறுப்பு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன். காலி டிரம் சத்தம் போடும் என்று அன்றே சொன்னேன். நீ கேட்கவில்லை. இப்போது அந்தச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று எனக்கு எழுதுகிறாய்.

நீ கிளம்பிய அன்று, கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாயில் குண்டூசிகளோடு வாசலில் நின்று பார்க்க, நான் ஒரு வார்த்தை சொன்னேன். இந்தப் படி இறங்கினவள் திரும்ப ஏறி வர வேண்டாம் என்றேன். நான் சொன்னதை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை. உன் அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் என்னைச் சீக்கிரம் எதையும் சொல்லவிட மாட்டார். உனக்கும் தெரியும். தெரிந்துதான் இறங்கினாய்.

வெயிலில் செடிகளோடு இத்தனை நாள் இருந்ததில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். நீ ஒருபோதும் கற்றுக்கொள்ளாதது. உச்சி வெயிலில் எல்லாச் செடியும் வாடும். இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உயிர் போவதுபோல் நிற்கும். நீ உடனே பதறிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய். நான் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருக்கும். ஈரம் இருக்கும்போது வாடினால் அது தாகமில்லை, நடிப்பு. அப்போது தண்ணீர் ஊற்றினால் வேர்தான் அழுகும். ஊற்றாமல் விட்டால் சாயங்காலம் தானே எழுந்து நிற்கும். இதற்குப் பெயர் நடுப்பகல் வாட்டம். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் தோன்றியது. சாயங்காலம் வரை பொறு.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்ததுதான். கோடையில் எதையும் இடம் மாற்றக் கூடாது, வேர் பிடிக்காது. அதுவும் உன் வீடு தரைத்தளம், வாசலில்கூட ஒரு படி இல்லை, தண்ணீர்க் குடத்தோடு ஏறி இறங்கும் வேலை விட்டது என்று முதல் கடிதத்தில் அத்தனை சந்தோஷமாக எழுதியிருந்தாய். பிள்ளைத்தாய்ச்சிக்குப் படி இல்லாத வீடு அமைவது அதிர்ஷ்டம். இங்கே மூன்று மாடி. யோசித்துப் பார்.

தண்ணீர் நிறையக் குடி. இடது பக்கமாகப் படு. அவர் கோபமாக இருக்கும்போது எதிர்த்துப் பேசாதே. கோபம் இறங்கியபிறகு பேசு. எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன்.

உன் நலம் விரும்பும்,
அம்மா


புதன், மாலை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே வெயில் மிகவும் சௌக்கியமாக இருக்கிறது. மற்ற யாரையும் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. காற்று நின்றுவிட்டது. காயப்போட்ட துணி கையைச் சுடுகிறது. மாடிக் கதவின் தாழ்ப்பாளைத் துணி வைத்துப் பிடித்துத்தான் திறக்கிறேன்.

முந்தாநாள் தையல்காரம்மா போனைக் கையில் ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தாள். என் போனை நான் எடுப்பதில்லை என்று அவளைத் தூதுக்குப் பிடித்திருக்கிறாய். "உங்க பொண்ணு லைன்ல இருக்காங்கம்மா. அழுறாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றாள். நம் வீட்டு அழுகையை வாடகைக்கு இருப்பவர்கள் காதில் போடும் அளவுக்கு நீ வந்துவிட்டாய். பேச வேண்டியதைக் கடிதத்தில் எழுதியாயிற்று என்று சொல்லச் சொன்னேன். அவள் நகரவில்லை. துணியை வெட்டுவதோடு நிறுத்திக்கொள், அடுத்தவர் வீட்டுப் பேச்சில் கத்திரிக்கோலை வைக்காதே என்றேன். இறங்கிப் போனவள் சற்று நேரத்தில் திரும்ப வந்து, படியில் நின்றபடியே, "டிரம்மைச் சுத்தி சாக்கு இருக்கான்னு மட்டும் கேக்கச் சொன்னாங்கம்மா" என்றாள்.

இதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. உயிர் போகிறது என்று அழுகிறவள், சாக்கு இருக்கிறதா என்று கேட்பாளா? மனது சாக்கைப் பற்றி யோசிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது என்றுதானே அர்த்தம். எனக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது. சாக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். நீ அதற்கு என்ன சொன்னாய் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை.

செடிகளின் நிலவரம். கீரைகள் போய்விட்டன, கோடையில் கீரை நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தக்காளி பூ பூக்கிறது, பூவோடு உதிர்கிறது. அத்தி இலைகளைக் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கிறது. அதன் சுபாவமே அப்படி, கொஞ்சம் சூடு பட்டால் கையை உதறிவிடும். மாதுளை இலை ஓரங்கள் கருகியிருக்கின்றன. ஆனால் கொய்யா எனக்குத் திருப்தி தருகிறது. நீ இருந்தபோது தினமும் பதினொரு மணிக்கே தலையைத் தொங்கப்போடுமே, இப்போது அந்தப் பழக்கம் அடியோடு போய்விட்டது. உச்சி வெயிலிலும் இலைகள் விறைப்பாக நிற்கின்றன. கொஞ்சுவதற்கு ஆளில்லை என்று தெரிந்தால் எதுவும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

எலுமிச்சைக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறேன். இலை சுருளச் சுருளப் பட்டினி போட்டு, பிறகு ஊற்றினால் மரம் முழுக்கப் பூக்கும். போன வருஷம் நீ தடுத்தும் நான் அப்படிச் செய்துதான் அத்தனை காய் வந்தது. அந்தக் காயைப் பிழிந்து குடித்தவர்களில் டிரம்காரரும் ஒருவர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது. உன் கணவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் எதிர்பார்த்ததைவிடக் கையெழுத்து நன்றாகவே இருக்கிறது. மாமிக்கு வணக்கம் என்று ஆரம்பித்து, நீ வாய் கொடுக்கிறாய், சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறாய், எப்போது பார்த்தாலும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய், பெரியவர்கள் நீங்கள் கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதா என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு பிடிவாதத்தை எங்கே கற்றாள் என்றும் ஒரு வரி.

பதில் எழுதினேன். நீங்கள் மரியாதையைக் கற்ற இடத்திலேயே அவள் பிடிவாதத்தைக் கற்றிருப்பாள், அந்த இடம் என் வீடு இல்லை என்று முதலில் எழுதினேன். அதை அவர் புரிந்துகொள்ள நாளாகும். பிறகு, நீ குழந்தையிலிருந்தே சட்டென்று அழுகிறவள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கண்டிப்பாக இருந்தால் சரியாகிவிடும் என்று எழுதினேன். நீ இங்கே வர அனுமதி கேட்டிருந்ததையும், நான் மறுத்துவிட்டதையும் எழுதிவிட்டேன். இனி வாசலைப் பார்க்க வேண்டிய அவசியம் உனக்கும் இல்லை, அவருக்கும் அந்தக் கவலை இல்லை.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீ நினைக்கலாம். அன்று சமையலறை ஜன்னல் வழியாக ஒளித்து ஒளித்து அவரிடம் பேசியவள் நீ. ஒளிப்பது உனக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் விடுதியில் வரும் கடிதம், போகும் கடிதம் இரண்டையும் சிஸ்டர் பிரித்துப் படிப்பார். யார் பிரித்துப் படித்தாலும் வெட்கப்பட வேண்டாத கடிதத்தையே எழுதுங்கள் என்பார். அந்தப் பழக்கம்தான் எனக்கு. புருஷனுக்குத் தெரியாமல் ஒரு பெண் தாய்க்கு எழுதுவதும், தாய் அதை மூடி மூடி வைப்பதும் நல்ல குடும்பத்துக்கு அழகில்லை. மூடி வைத்த எதுவும் புழுங்கும்.

தையல்காரம்மா மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். துணி உலர்த்த வந்ததாகச் சாக்கு. மேற்குச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, கையில் இருந்த ஈரப் புடவையைக் கொடியில் போடாமல் எலுமிச்சை டிரம்மின் மேல் போட்டுவிட்டுப் போனாள். அவள் இறங்கியதும் எடுத்து மடித்து அவள் வாசலில் வைத்துவிட்டேன். என் வீட்டில் எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும்.

மாசம் கூடக் கூட உடம்பு கனக்கும். நின்றபடி வேலை செய்யாதே. அவரிடம் அனுசரித்துப் போ. மழை வந்தால் எல்லாருக்கும் புத்தி குளிரும்.

ஆசிகளுடன்,
அம்மா


வெள்ளி

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று வரி. மார்ஜின் சரியாக விட்டிருக்கிறாய். வரிகள் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. மை எங்கேயும் கலையவில்லை. உனக்கு இவ்வளவு அழகாக எழுத வரும் என்று எனக்குத் தெரியாது.

படியில் விழுந்ததில் குழந்தை தங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். இனி அங்கே வருவதைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் நன்றாக இருக்கிறேன், செடிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய்.

உன் வீட்டில் படி கிடையாது. வாசலில்கூட ஒன்று கிடையாது. நான் கடிதங்களைக் கவனமாகப் படிக்கிறவள்.

இங்கே மழை வந்துவிட்டது. வந்த அன்றே கொய்யாவைப் பார்க்கப் போனேன். மழைத்தண்ணீர் பட்டதும் இலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்து டிரம்மைச் சுற்றி விழுந்தன. கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கின. நுனிக் கிளையைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. அது ஒழுங்குக்கு வந்து விறைப்பாக நிற்கவில்லை, நின்றபடியே செத்திருந்தது. எப்போது என்று தெரியவில்லை. நான் உனக்கு அதைப் புகழ்ந்து எழுதிய அன்றைக்கேகூட அது போயிருக்கும். வாடுவது உயிருள்ளதின் வேலை. செத்தது வாடாது. இது எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

தண்டைப் பிடித்து அசைத்ததும் ஆடுகிற பல் மாதிரி வந்துவிட்டது. வேலைக்கு வருபவளும் நானும் டிரம்மைப் படுக்கப்போட்டு மண்ணோடு இழுத்தோம். வீட்டுப் பக்கம் பார்த்திருந்த வேர்கள் காய்ந்திருந்தாலும் நூல் நூலாக இருந்தன. சுவர்ப் பக்கம், மேற்குப் பக்கம், பாதிக்கு மேல் பழுப்பாக, தொட்டால் தோல் கழன்று வந்தது. வெந்திருந்தது. அதற்கு வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. அத்தியும் அப்படி. மாதுளையும் அப்படி. ஒவ்வொன்றாகப் படுக்கப்போட்டுப் பார்த்தேன். வேலைக்கு வருபவள் வேர்களைக் கூட்டி ஒதுக்கினாள். இந்த முறை அவள் முனகியிருந்தால்கூட நான் எதுவும் சொல்லியிருக்கமாட்டேன்.

மறுநாள் வெயில் வந்தது. உச்சிப் பொழுதில் போய் ஒரு காலி டிரம்மின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் எடுக்கவேண்டியதாயிற்று. இத்தனை நாளும் தினமும் மண்ணில் விரல் விட்டுப் பார்த்திருக்கிறேன். ஈரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். டிரம்மின் பக்கத்தை ஒரு நாளும் தொட்டுப் பார்க்கவில்லை. மேலே ஈரம், உள்ளே கொதி. சாக்கு இருக்கிறதா என்று நீ ஏன் கேட்டாய் என்று இப்போது தெரிகிறது. தெரிந்து எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லை.

எலுமிச்சையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தையல்காரம்மா அந்த ஈரப் புடவையை அதன்பிறகும் தினமும் போட்டிருக்கிறாள். நான் மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில் வந்து போர்த்திவிட்டு, நான் எழுவதற்குள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, வேலைக்கு வருபவள்தான் சொன்னாள். வெந்த வேரை வெட்டி, கழுவி, புது மண்ணில் வைத்து, கிளைகளையும் பாதிக்குக் குறைத்திருக்கிறேன். நாலைந்து இலை நிற்கிறது.

சாக்கு வேண்டியிருந்தது. நான் கீழே போனேன். தையல்காரம்மா மெஷினில் இருந்தாள். பழைய சாக்கு இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்பாள், ஏதாவது சொல்வாள், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவள் சாக்கை எடுத்து, டிரம்முக்கு அளவு மட்டும் கேட்டு, இரட்டையாக மடித்துத் தைத்துக் கொடுத்தாள். கூலி கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வாயில் குண்டூசி இருந்தது. பிறகு ஊசிகளை எடுத்துவிட்டு, "அவங்களுக்கு யாரும்மா இருக்கா அங்கே" என்று மட்டும் கேட்டாள். நான் சாக்கை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். மூன்று மாடி ஏறும்வரை அதற்குப் பதில் யோசித்துப் பார்த்தேன்.

எலுமிச்சையை மாடி நடுவுக்கு நகர்த்தி, சுற்றிச் சாக்கு கட்டியாயிற்று. காலி டிரம்களையும் மாடி நடுவுக்கே இழுத்து, அதைச் சுற்றி முட்ட முட்ட நிறுத்தியிருக்கிறேன். பார்க்க நன்றாக இல்லை. அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஒரு விஷயம். இந்தப் படி இறங்கினவள் திரும்ப ஏறி வர வேண்டாம் என்று நான் சொன்னது சொன்னதுதான். அதை நான் மாற்றவில்லை. ஆனால் நான் படி இறங்கமாட்டேன் என்று எப்போதும் சொன்னதில்லை. தையல்காரம்மா வீடு வரை இறங்கிப் பார்த்துவிட்டேன், முழங்கால் தாங்குகிறது. வரும் திங்கட்கிழமை ரயிலுக்கு அவளே டிக்கெட் எடுத்திருக்கிறாள். கூட வருகிறேன் என்கிறாள். மெஷினை மூடிவிட்டு வருவதற்கு உனக்கென்ன தலையெழுத்து என்றேன். "எனக்கும் வேலை இருக்கும்மா அங்கே" என்கிறாள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது.

இந்தக் கடிதத்தை உன் கணவர் முதலில் பிரிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். யார் படித்தாலும் வெட்கப்பட வேண்டாத கடிதம் என்பது என் பழக்கம். ஆகவே அவரும் படிக்கட்டும். மாப்பிள்ளை, எனக்குப் படுக்கை எதுவும் போட வேண்டாம். ஒரு நாற்காலி போதும். அதைப் படி இருக்கும் இடத்தில் போட்டு வையுங்கள். நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பாப்பா, கொய்யாவைப் பற்றி எழுதியபிறகு உன் மூன்று வரியை மறுபடியும் எடுத்துப் படித்தேன். அந்த நேர்க்கோட்டைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வருவதற்குள் ஒரு கடிதம் எழுதி வை. மார்ஜின் வேண்டாம். கோணலாக எழுது. மை கலையட்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் முதல் வரியிலேயே திட்டு.

இன்று உச்சி வெயிலில் எலுமிச்சை வாடியிருந்தது. மண்ணில் விரல் விட்டுப் பார்த்தேன், ஈரம் இருந்தது. இந்த நேரத்தில் ஊற்றினால் மிச்சமிருக்கும் வேரும் அழுகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் கீழே வந்தேன். தினமும் ஊற்றுகிறேன்.

சாப்பிடு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு. திங்கட்கிழமை வரை வாடிக்கொண்டாவது இரு.

அம்மா